பிள்ளைக்கென்று வந்த கேம்கள்

வீடியோ கேமைப் பற்றி அரூரில் யாரிடமாவது அபிப்பிராயம் கேட்க வேண்டுமென்றால் ஹமீதுன்னிசாவிடம்தான் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆறு வருஷமாக, மூன்று கேம்களை, ஈ காக்கைக்குத் தெரியாமல் ஆடி வந்தவள் அவள். அதுவும் மாமியாரும் கொழுந்தனும் இருக்கிற வீட்டில். திருட்டுத்தனமாக ஒரு முறுக்கு தின்றாலே சத்தம் கேட்டுவிடும் அந்த வீட்டில் இதை எப்படிச் சாதித்தாள் என்பதே ஒரு பெரிய கதை.

அவள் புருஷன் முகம்மது கவுஸ் வெல்டர். கல்யாணம் ஆனது எழுபத்தொன்பதில், அவளுக்கு இருபத்தொரு வயது. மறுவருஷமே சவுதியில் தம்மாமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய்விட்டான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. இருபத்திரண்டு மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே. இதற்குப் பெயர் குடித்தனமா என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு. வெளியே கேட்கவில்லை. கட்டிக்கொடுக்க அவனுக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள். பின்பக்கத்துச் சுவர் பாதியில் நின்றிருந்தது. இதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒரு பெண் எந்த வாயால் “போகாதீர்கள்” என்று சொல்வாள்?

எண்பத்திரண்டில் முதல் லீவில் வந்தான். பம்பாயில் இறங்கி, மெட்ராஸ் வந்து, அங்கிருந்து ரயிலில் மொரப்பூர், மொரப்பூரிலிருந்து பஸ். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆளைப் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருந்தான். கூடத்தில் பெட்டியைத் திறந்தார்கள். தங்கைகளுக்குத் துணி, அம்மாவுக்குப் போர்வை, தம்பி அப்துல் ரஷீதுக்கு டேப் ரிக்கார்டர், ஹமீதுன்னிசாவுக்கு சென்ட் பாட்டிலும் நைலக்ஸ் புடவையும். எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று நினைத்தபோது பெட்டியின் மூலையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு அட்டைப் பெட்டி வந்தது.

“இது என்னாடா?” என்றாள் அம்மா.

“கேமு. பொறக்கப் போற புள்ளைக்கு” என்றான் கவுஸ்.

தங்கைகள் சிரித்தார்கள். ஹமீதுன்னிசாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளை பிறக்கிற வரைக்கும் அதற்கென்று ஒரு துணிகூட வாங்கி வைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்த சட்டம். தொட்டில் ஆனாலும் சரி, கிலுகிலுப்பை ஆனாலும் சரி, பிறந்த பிறகுதான் வீட்டுக்குள் வர வேண்டும். ஆனாலும் இரண்டு வருஷம் கழித்து வந்த மகனை முதல் நாளே எப்படிக் கடிந்துகொள்வது? எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் விருந்திலும் கறிக்குழம்பிலும் கரைந்தது. அவன் போனான். அடுத்த மாதம் ஹமீதுன்னிசா வழக்கம்போலத் தலைக்குக் குளித்தாள். இந்த முறையும் இல்லை. அன்று மத்தியானம் மாமியார் தூங்கும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த அட்டைப் பெட்டியை எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தூக்கிப் போட்டு உடைக்கலாம் என்றுகூட நினைத்திருக்கலாம். பொத்தானை அமுக்கியதும் அது ‘பிப்’ என்றது.

ஒரு கட்டடம் தீப்பிடித்து எரிகிறது. மாடியிலிருந்து ஆட்கள் குதிக்கிறார்கள். கீழே இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி அவர்களைத் தாங்க வேண்டும். ஒருவனை மூன்று இடத்தில் தாங்கினால்தான் அவன் ஆம்புலன்சில் போய் விழுவான். தவறினால் தரையில் விழுந்து செத்து, இறக்கை முளைத்த தேவதூதனாகிவிடுவான், தலைக்கு மேலே வளையத்தோடு. மூன்று பேர் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. முதல் நாள் ஆறு பேரைக் காப்பாற்றினாள். ஆறாவது ஆள் ஆம்புலன்சில் ஏறியபோது அவளையறியாமல் ‘அப்பாடா’ என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பிரச்சினை அந்த ‘பிப்’தான். அதை நிறுத்த வழியில்லை. துணியைச் சுற்றிப் பார்த்தாள், அப்போதும் கேட்டது. கடைசியில் பம்ப் ஸ்டவ் கைகொடுத்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்தால் அது போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நின்று பேசினாலே கேட்காது. மத்தியானமானால் ஒரு குண்டான் தண்ணீரை ஏற்றிவிட்டு, ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் முட்டியை மடக்கி உட்கார்ந்து ஆடுவாள்.

“தெனமும் எதுக்கும்மா இத்தனை சுடுதண்ணி?” என்று மாமியார் கேட்டாள்.

“காலு வலிங்க மாமி. ஒத்தடம் குடுக்கறேன்.”

அந்தப் பொய்யை மறந்துவிடாமல் இருக்க வாரத்தில் இரண்டு நாள் நொண்டி நடந்தாள்.

பேட்டரி தீர்ந்தபோது இன்னொரு சங்கடம். சட்டைப் பொத்தான் மாதிரி சின்னது, அரூரில் கிடைக்காது. வாட்ச் ரிப்பேர் செய்கிற பக்ருதீன் சேலத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். வாட்சுக்கு என்று சொல்லித்தான் வாங்கினாள். மூன்றாவது தடவை போனபோது அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, “அப்படி என்னா வாட்சுங்க அது, பேட்டரியைச் சோறு மாதிரி திங்குது? ஒரு வாட்டி கொண்டாங்க, பார்க்கறேன்” என்றார். அதற்குப் பிறகு பேட்டரியை இன்னும் சிக்கனமாகச் செலவழித்தாள்.

எண்பத்து மூன்றில், ஒரு ஆடி மாதத்து மத்தியானம், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது எடுத்தாள். அடுத்த ஆளைத் தாங்கியதும் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். யாரிடம் சொல்வது? தயிர் கொண்டுவருகிற சென்னம்மாளிடம்தான் சொன்னாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சென்னம்மாள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள்.

“அத்தனை பேரைக் காப்பாத்தினதுக்கு என்னா குடுப்பாங்க?”

“ஒண்ணும் குடுக்க மாட்டாங்க.”

“அப்பறம் எதுக்கு மறுபடியும் காப்பாத்தறீங்க? வுட்டா வுழுந்துட்டுப் போறானுங்க.”

ஹமீதுன்னிசா ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள். அந்த முதல் கேம்தான் நேர்மையானது என்பது அவளுடைய முடிவு. போகப் போக வேகம் கூடுமே தவிர அது ஏமாற்றாது. விழுகிறவன் எங்கே விழுவான் என்று தெரியும். கை அசந்தால்தான் தப்பு, அந்தத் தப்பும் நம்முடையது.

எண்பத்து நான்கில் இரண்டாவது கேம் வந்தது. “புள்ளைக்கு” என்றான் இந்த முறையும், ஆனால் முன்போல் சிரித்துச் சொல்லவில்லை. அதில் ஒரு சமையல்காரன் வாணலியோடு நிற்பான். மேலேயிருந்து மீனும் கறித்துண்டும் விழும், கீழே விழாமல் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். ஒரு பூனை வேறு நடுவில் வந்து முள்கரண்டியால் குத்தும். இந்தக் கேமை ஹமீதுன்னிசாவுக்குப் பிடிக்கவே இல்லை. விடிந்ததிலிருந்து அடுப்படியில் வெந்துவிட்டு, கிடைக்கிற அரைமணி நேரத்திலும் சமையலா? இதைக் கண்டுபிடித்தவன் வீட்டில் அவன் பெண்டாட்டிதான் சமைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஆனாலும் ஆடினாள். வேறு என்ன இருக்கிறது?

அந்த லீவில் அவள் முழுகாமல் இருந்தாள். அவன் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் உறுதியாயிற்று. கொழுந்தன் கடிதம் எழுதினான், வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கடிதம் போகும், எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வரும். அந்தக் கடிதம் தம்மாமுக்குப் போய்ச் சேரும் முன்னமே, மூன்றாவது மாதத்தில், கரு கலைந்துவிட்டது. அவள் கேமைத் தொடவில்லை, குடம் தூக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. தானாகவே கலைந்தது.

மாமியார் அழுதாள். அழுதுவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். “பொறக்காத புள்ளைக்குச் சாமான் வாங்கி வெச்சா தங்குமா? அன்னிக்கே சொல்லோணும்னு பார்த்தேன். இதை யாருக்காச்சும் குடுத்துரு, இல்லாட்டி கெணத்துல போடு.” ஹமீதுன்னிசா தலையாட்டினாள். இரண்டு பெட்டியையும் கொண்டுபோய்க் கேழ்வரகு டிரம்மில், தானியத்துக்கு அடியில் புதைத்தாள். எதற்குக் காப்பாற்றினாள்? அவளுக்கென்று இந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் மத்தியானங்களை என்ன செய்வது?

உடம்பு தேறியதும் சேலத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அந்த அம்மாள் பரிசோதித்துவிட்டு, மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஹமீதுன்னிசாவிடம் தனியாகச் சொன்னார். “உன் உடம்புல ஒரு கொறையும் இல்லம்மா. வீட்டுக்காரர் சேர்ந்தாப்ல ஒரு வருஷமாவது உன் கூட இருக்கணும். ரெண்டு மாசம் வந்துட்டுப் போறதுல என்ன ஆகும்?” மருந்துச் சீட்டைக் காட்டிலும் அந்த வார்த்தையைத்தான் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பொதுக் கடிதத்தில் கொழுந்தன் கையால் இதை எழுத முடியுமா? நேரில்தான் கேட்க வேண்டும். எண்பத்தாறில் வருவான், கேட்டுவிடலாம் என்று ஒன்றரை வருஷம் காத்திருந்தாள்.

எண்பத்தாறில் அவன் டிவி கேமே கொண்டுவந்துவிட்டான். கறுப்பாக ஒரு பெட்டி, அதற்கு இரண்டு கைப்பிடிகள். அதை மாட்டுவதற்கென்றே சேலம் போய்க் கறுப்பு வெள்ளை டிவியும் வாங்கி வந்தான். மாடியில் பனைமர உயரத்துக்கு ஆன்டெனா கட்டினால் பெங்களூர் புள்ளி புள்ளியாகத் தெரியும். மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. மகன் முன்னாலேயே போட்டு உடைத்தாள்.

“நீதான்டா காரணம். உன் கையாலயே திருஷ்டி பண்றே. இனிமே ஒரு பொம்மை, ஒரு கேமு இந்த வூட்டுக்குள்ள வரக் கூடாது.”

கவுஸ் எழுந்தான். டிவி கேமை மறுபடி அட்டைப் பெட்டியில் வைத்துப் பரண்மேல் போட்டான். அதற்குப் பிறகு லீவு முடிகிற வரைக்கும் அவன் முகத்தில் களையில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஹமீதுன்னிசாவால் எதையும் கேட்க முடியவில்லை. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசி நாளும் வந்துவிட்டது.

டிவி கேமைப் பரணிலிருந்து இறக்க அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. மத்தியானத்தில் டிவியில் நிகழ்ச்சி எதுவும் இல்லாத காலம் அது, அது அவளுக்கு வசதியாகப் போயிற்று. மாமியாருக்கு அப்போது காதும் கொஞ்சம் மந்தம். மேலேயிருந்து வரிசை வரிசையாகக் கப்பல்கள் இறங்கும், கீழேயிருந்து சுட வேண்டும். சத்தத்தைக் குறைத்துவைக்க முடிந்த முதல் கேம் அதுதான். மற்றபடி அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எத்தனை சுட்டாலும் அடுத்த வரிசை இறங்கும். முன்பெல்லாம் ஆள் விழுந்தால் ஐயோ என்றிருக்கும், இதில் யார் செத்தாலும் ஒன்றும் இல்லை. நடுவில் கரண்ட் போனால் அதுவும் போயிற்று. ஆடி முடித்து எழுந்தால் கண் எரியும், முதுகு வலிக்கும், மனசு ஆடுவதற்கு முன்னால் எப்படியிருந்ததோ அப்படியே இருக்கும். எண்பத்தேழு முழுக்க அப்படித்தான் போனது. கை தன்பாட்டுக்கு ஆடும். அவள் வேறு எங்கோ இருப்பாள். அலுத்துப்போன பிறகும் ஆடிக்கொண்டிருந்தாள்.

எண்பத்தெட்டு ஆவணியில் கவுஸ் வந்தான். காதோரம் நரைத்திருந்தது. தங்கைகள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டதால் பெட்டி சீக்கிரம் காலியாயிற்று. போர்வை, பிளாஸ்க், துணி, பேரீச்சம்பழம். ஹமீதுன்னிசா மூலையைப் பார்த்தபடி நின்றாள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி மூடிவிட்டான். கேம் இல்லை. மாமியார் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

ஹமீதுன்னிசா துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். மாமி சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டானா, இல்லை இனிமேல் பிள்ளையே இல்லை என்று முடிவு கட்டிவிட்டானா? அவளுக்கு முப்பது வயதுதான் ஆகிறது. டாக்டர் சொன்ன ஒரு வருஷம் இன்னும் மிச்சமிருக்கிறது. ஆனால் அவன் மனசை விட்டுவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

பத்து நாள் கழித்துக் காரிமங்கலத்தில் ஒரு கல்யாணம். மாமியாரும் ரஷீதும் காலை பஸ்ஸில் போனார்கள். கவுஸ் உடம்பு சரியில்லை என்று நின்றுவிட்டான். மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் படுத்திருந்தான். ஹமீதுன்னிசா நேராகக் கேழ்வரகு டிரம்முக்குப் போய் முழங்கை வரை கையை விட்டாள். இரண்டு பெட்டியையும் எடுத்து, தூசியைத் தட்டி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  தீப்பிடித்த கட்டடத்தை எடுத்து ஆட ஆரம்பித்தாள்.

கவுஸ் எழுந்து உட்கார்ந்தான். அவள் கட்டைவிரல்களையே பார்த்தான். நூறு, இருநூறு, முந்நூறு. வேகம் கூடக் கூட அவள் முகம் அசையாமல் இருந்தது. ஒருவனைக்கூட விழவிடவில்லை.

“இதை எப்பக் கத்துகிட்டே?”

“நீங்க கொண்டாந்த வருஷமே. மூணும் ஆடியாச்சு. இந்த வாட்டி ஏங்க கொண்டாரல? மாமி சொன்னதுக்கா?”

 கவுஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அம்மா சொன்னதுக்கு இல்ல. அங்க ஒரு கடை இருக்குது, மலையாளத்துக்காரர் கடை. மொத வாட்டி போனப்போ, கொழந்தைக்கு எத்தனை வயசுன்னு கேட்டாரு. வயசுக்குத் தகுந்த மாதிரி எடுத்துக் குடுக்கறதுக்கு. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ரெண்டுன்னு சொல்லிட்டேன். அடுத்த வாட்டி அவரே ஞாபகம் வெச்சிருந்தாரு. நாலாச்சா, அப்ப இதைக் குடுங்கன்னு அந்த சமையல்காரனை எடுத்துக் குடுத்தாரு. அதுக்கப்பறம் ஆறு. ஆறு வயசுன்னா டிவி கேமு ஆடுவான்னாரு. இந்த வாட்டியும் போனேன். எட்டு வயசு ஆயிருக்குமே, எந்தக் கிளாஸு படிக்கறான்னு கேட்டாரு. மூணாங்கிளாஸுன்னேன். பேரு என்னான்னு கேட்டாரு.”

அவன் தரையில் கிடந்த அட்டைப் பெட்டியை எடுத்துத் திருப்பினான்.

“எனக்கு ஒரு பேரும் வரல, ஹமீதா. அத்தனை வருஷம் வயசு சொன்னேன், பேரு ஒண்ணு யோசிச்சு வெக்கல. ஒண்ணும் வாங்காம வந்துட்டேன்.”

ஹமீதுன்னிசாவின் கையில் கேம் ‘பிப் பிப்’ என்று கத்தியது. மூன்று பேரும் விழுந்து ஆட்டம் முடிந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

“என் பேரைச் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். “பேரு ஹமீதுன்னிசா, வயசு முப்பதுன்னு சொல்லியிருக்கலாம்ல? நான்தான ஆடினேன்? புள்ளைக்குப் புள்ளைக்குன்னு கொண்டாந்தீங்க. இங்க ஒருத்தி உக்காந்துட்டு இருக்காளேன்னு ஒரு நாளாச்சும் நெனைச்சீங்களா?”

இவ்வளவு சத்தமாக அந்த வீட்டில் அவள் பேசியதே இல்லை. பேசிவிட்ட பிறகு மிச்சமிருந்ததும் தானாக வந்துவிட்டது. சேலத்து டாக்டர் சொன்னதைச் சொன்னாள். ஒரு வருஷம் என்று சொன்னாள். மூன்று வருஷமாக அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள்.

“போவாதீங்க. இந்த வாட்டி போவாதீங்க.”

கவுஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“சரி” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. “என்னா சரி?”

“போவல. தருமபுரியில ஒரு பட்டறையில கூப்பிட்டுட்டே இருக்கறாங்க. ஒவ்வொரு வாட்டியும் கூப்பிடறாங்க.” பிறகு, அவள் இன்னும் நம்பாமல் பார்ப்பதைக் கண்டு, மெதுவாகச் சொன்னான். “நீ சொல்லுவேன்னு ஒவ்வொரு வாட்டியும் பார்த்தேன். எண்பத்திரெண்டுல மொரப்பூர் ஸ்டேஷன்ல ரயில் கௌம்பற வரைக்கும் உன் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தேன். நீ சோத்து டப்பாவைக் குடுத்துட்டு, ஒடம்பைப் பார்த்துக்கங்கன்னே. சரி, இவளுக்கு நாம போறதுதான் இஷ்டம்னு நெனைச்சுட்டேன்.”

கூடத்தில் அவன் பெட்டி சுவரோரம் நின்றிருந்தது. ஹமீதுன்னிசா இந்த ஒரு வார்த்தைக்காக ஆறு வருஷம் ஏங்கியிருக்கிறாள். அது கிடைத்தால் எப்படியெல்லாம் சந்தோஷப்படுவேன் என்று ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ மத்தியானம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். இப்போது சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அவன்மீதும், தன்மீதும், இரண்டு பேர் சேர்ந்து ஒரு வார்த்தையைக் கேட்காமலேயே தொலைத்த வருஷங்கள்மீதும். கலைந்துபோன அந்த மூன்று மாதப் பிள்ளைக்காக இருவரும் ஒரு நாள்கூடச் சேர்ந்து அழவில்லை.

“நான் கேக்கல, சரி” என்றாள். “நீங்க ஏங்க கேக்கல? நான் போவட்டுமான்னு ஒரு வார்த்தை நீங்க ஏங்க கேக்கல?”

 அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மாமியாரும் ரஷீதும் சாயங்காலம்தான் வருவார்கள். அதுவரைக்கும் வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது ஞாபகம் வந்ததும் முந்தானையை எடுத்துவிட்டு, சத்தமாகவே அழுதாள்.